ஹேர்-கிளார்க் தேர்தல் முறை: டாஸ்மேனியாவின் பசுமைக் கட்சிக்கு அது எப்படி வேலை செய்தது? ஒரு மதிப்புரை

சிறிய கட்சியின் கண்ணால் பார்த்தால் தேர்தல் முறையும் ஒரு சேவைதான். வாக்கைக் கொடுத்தால் இடம் தருகிறதா, எவ்வளவு பிடித்துக்கொண்டு தருகிறது, நடுவில் உறுப்பினர் விலகினால் என்ன ஆகிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்டு அதை எடை போடலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் சட்டமன்றக் கீழவைத் தேர்தலுக்கு 1909 முதல் மாநிலம் முழுக்க ஹேர்-கிளார்க் முறைதான் நடப்பில் இருக்கிறது. அரை நூற்றாண்டாக அதன் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அனுபவித்த வாடிக்கையாளர் என்றால் அங்குள்ள பசுமைக் கட்சி.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். தொகுதிக்கு 7 இடம் உள்ள வடிவத்துக்கு ஐந்துக்கு நாலரை. 1998 முதல் 2021 வரை ஓடிய 5 இட வடிவத்துக்கு இரண்டரை. அதுகூட, பெரிய வாக்கு கிடைத்த ஆண்டுகளில் அது ஒழுங்காக நடந்துகொண்டது என்பதற்காக. காலியிடம் நிரப்பும் பகுதிக்கு முழு மதிப்பெண்.

முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். மாநிலத்தில் பாஸ், பிராடன், கிளார்க், பிராங்க்ளின், லயன்ஸ் என்று ஐந்தே தொகுதிகள். கிளார்க் என்பது ஹோபார்ட் நகரப் பகுதி. 2018 வரை அதன் பெயர் டெனிசன். ஒவ்வொரு தொகுதிக்கும் பல உறுப்பினர்கள். வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு பத்தி, அதன் கீழே அந்தக் கட்சியின் வேட்பாளர்கள். கட்சிக்கு மட்டும் ஒரு குறி போட்டுவிட்டு வரும் வசதி கிடையாது. ஆள் ஆளாக 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். தொகுதிக்கு 5 இடம் இருந்தபோது குறைந்தது 5 வரை. இப்போது குறைந்தது 7 வரை. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போவது என்பது வாக்காளர் விருப்பம்.

வெற்றிக்கு வேண்டிய அளவு கோட்டா. செல்லுபடியான வாக்குகளை, இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு ஒன்று சேர்க்க வேண்டும். தமிழக அரசியலைப் பின்தொடர்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மாநிலங்களவைக்கு 6 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதுவது இதே கணக்குதான்: 234-ஐ 7-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்றைச் சேர்த்தால் 34. அங்கே எம்.எல்.ஏ.க்கள் மட்டும் செய்வதை டாஸ்மேனியாவில் ஒவ்வொரு குடிமகனும் செய்கிறார்.

ஒரு தொகுதியில் 64,000 செல்லுபடியான வாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 இடம் என்றால் கோட்டா 8,001. 5 இடம் என்றால் 10,667. சதவீதத்தில் 12.5-க்கும் 16.7-க்கும் உள்ள வித்தியாசம். இந்த நான்கு சொச்சம் சதவீதத்துக்குள்தான் இந்தக் கட்சியின் தலையெழுத்து பல முறை எழுதப்பட்டிருக்கிறது. அதை வரிசையாகப் பார்க்குமுன் எண்ணிக்கையின் மற்ற பாகங்கள்.

ஒருவர் முதல் விருப்ப வாக்கிலேயே 10,001 பெற்றுவிட்டார், கோட்டா 8,001 என்றால் உபரி 2,000. அந்த 2,000-ஐ எந்தச் சீட்டுகளிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை. 10,001 சீட்டுகளும் அடுத்த விருப்பத்துக்கு நகரும், ஆனால் ஒவ்வொன்றின் மதிப்பும் ஏறக்குறைய 0.2 ஆகச் சுருங்கியிருக்கும். பிறரிடமிருந்து வந்த வாக்குகளால் பின்னால் கோட்டாவைத் தாண்டியவர் என்றால், கடைசியாக வந்து சேர்ந்த கட்டு மட்டுமே மேலே நகரும். உபரிகள் தீர்ந்ததும், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இடங்கள் நிரம்பும்வரை இதே வேலைதான். மாற்றிக்கொண்டே போகும்போது எண்ணிடப்பட்ட எல்லாப் பெயரும் போட்டியிலிருந்து போய்விட்ட சீட்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் கடைசி இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் முழுக் கோட்டா இல்லாமலேயே ஜெயிப்பார். சிறு கட்சிக்கு மூச்சு கொடுப்பது இந்த ஓட்டைதான். 0.7, 0.8 கோட்டாவோடு தொடங்கினாலும் மற்றவர்கள் விழ விழ மேலே ஏறிக்கொண்டே இருக்கலாம்.

சீட்டில் இன்னொரு பாகம், ராப்சன் சுழற்சி. ஒரே கட்சிப் பத்திக்குள் பெயர் வரிசை சீட்டுக்குச் சீட்டு மாறும். ஒருவருக்கு வந்த சீட்டில் மேலே இருக்கும் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில் நடுவில் இருக்கும். வரிசையில் முதல் பெயர் என்ற ஆதாயம் யாருக்கும் இல்லை. வாக்குப்பதிவு நாளன்று இப்படி எண்ணிடுங்கள் என்று வழிகாட்டித் துண்டுச்சீட்டு கொடுப்பதற்கும் தடை. ஆக, கட்சித் தலைமை தன் செல்லப்பிள்ளையை முதலில் வைத்து உள்ளே தள்ள முடியாது. முகம் தெரிந்த வேட்பாளர் வேண்டும், அவர் தொகுதியில் அலைந்திருக்க வேண்டும். பசுமைக் கட்சி ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவரை முன்னிறுத்தி, மற்றவர்களைக் கூட நிறுத்துவது இதனால்தான். மற்றவர்களின் வேலை வாக்கைத் திரட்டி, தாங்கள் நீக்கப்படும்போது முன்னவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது.

இப்போது வரலாறு. 1972 மார்ச் 23 அன்று ஹோபார்ட் நகர மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் யுனைடெட் டாஸ்மேனியா குரூப் உருவானது. காரணம் பெடர் ஏரி. மாநில நீர்மின் ஆணையத்தின் மிடில் கார்டன் திட்டத்துக்காக அந்த ஏரியை மூழ்கடிக்க முடிவாகியிருந்தது; லேபர், லிபரல் இரண்டு பெரிய கட்சிகளும் திட்டத்தின் பக்கம். உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். ஒரே மாதத்தில், ஏப்ரல் 22 அன்று, தேர்தல். மாநில அளவில் 3.9% வாக்கு, இடம் எதுவும் இல்லை. அப்போது தொகுதிக்கு 7 இடம், கோட்டா 12.5%. ஒரு மாதக் குழந்தைக்கு 3.9% நல்ல எண்ணிக்கைதான், ஆனால் மூன்றில் ஒரு பங்குக் கோட்டாவைத் தூக்கிக்கொடுக்க எந்த முறையாலும் முடியாது. இதை முறையின் குறையாக எழுத மாட்டோம். எரிக் ரீஸின் லேபர் கட்சி வசதியாக வென்றது, ஏரி மூழ்கியது. குரூப் எழுபதுகளின் நடுவில் இன்னும் சில தேர்தல்களைச் சந்தித்துவிட்டு ஓய்ந்தது.

உண்மையில் முதல் இடம் கிடைத்த வழிதான் இந்த முறையின் விசித்திரத்தைக் காட்டும். 1979 தேர்தலில் டெனிசன் தொகுதியில் லேபர் உறுப்பினர்கள் செலவு வரம்பை மீறினார்கள் என்று நீதிமன்றம் போனது. அந்தத் தொகுதியின் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1980-இல் ஏழு இடங்களுக்கும் மறுபடி தேர்தல் நடந்தது. ராப்சன் சுழற்சி முதன்முதலில் பயன்பட்டது அந்தத் தேர்தலில். அதில் ஆஸ்திரேலியன் டெமாக்ரட்ஸ் கட்சியின் நார்ம் சாண்டர்ஸ் ஓர் இடம் பிடித்தார். 1982-இல் மறுபடியும் வென்றார். அதே 1982-இல் அதே தொகுதியில் பின்னாளில் பசுமைக் கட்சியை வழிநடத்திய பாப் பிரவுன் சுயேச்சையாக நின்று தோற்றார்.

அந்த ஆண்டின் இறுதியில் பிராங்க்ளின் நதி அணைக்கு எதிரான மறியல் உச்சத்தில் இருந்தது. சாண்டர்ஸ் பதவி விலகினார். இங்கே காலியிடத்துக்குப் பொதுவாக இடைத்தேர்தல் கிடையாது. விலகியவரைத் தேர்ந்தெடுத்த வாக்குச்சீட்டுகளை மட்டும் வெளியே எடுத்து, அடுத்த விருப்பம் யாருக்கு என்று எண்ணுவார்கள். அப்படி எண்ணியதில் இடம் பிரவுனுக்கு வந்தது. மறியலில் கைதாகி ரிஸ்டன் சிறையில் இருந்துவிட்டு 1983 ஜனவரியில் வெளியே வந்த கையோடு அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். ஒரு கட்சிக்காரரின் இடம் தேர்தலே இல்லாமல் கட்சி சாராத ஒருவருக்குப் போனது. அந்தத் தொகுதியில் சாண்டர்ஸுக்கு முதல் எண் போட்டவர்களின் மனத்தில் இரண்டாவது யார் இருந்தார் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. எடுத்துப் படித்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு இடையில் அதே மாநிலம் நடத்திய ஒரு மோசமான சேவையையும் சொல்லியாக வேண்டும். 1981 டிசம்பர் 12 அன்று அணை குறித்துப் பொதுவாக்கெடுப்பு. சீட்டில் இரண்டே வழிகள்: பிராங்க்ளினுக்குக் கீழே கார்டன் நதியில் அணை, அல்லது ஓல்கா நதிக்கு மேலே அணை. அணையே வேண்டாம் என்ற பதிலுக்கு இடமில்லை. முதல் வழிக்கு 47%, இரண்டாவதற்கு 8%, செல்லாத வாக்கு ஏறக்குறைய 45%. வாக்களித்தவர்களில் மூன்றில் ஒருவர் அணை வேண்டாம் என்று சீட்டிலேயே கைப்பட எழுதிவிட்டு வந்தார்கள். கேள்வியைத் தவறாகக் கேட்டால் பதில் செல்லாத வாக்காகத்தான் வரும். அணையை நிறுத்தியது 1983 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் கொடுத்த தீர்ப்பு.

1986-இல் பிரவுனோடு பிராங்க்ளின் தொகுதியிலிருந்து ஜெர்ரி பேட்ஸும் உள்ளே வந்தார். 1989 மே 13 தேர்தல்தான் 7 இட வடிவத்தின் சிறந்த விளம்பரம். வெஸ்லி வேல் காகிதக்கூழ் ஆலைப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். பசுமைச் சுயேச்சைகளுக்கு 17.1% வாக்கு, ஐந்து தொகுதிகளிலும் தலா ஒருவர்: பிரவுன், பேட்ஸ், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், டை ஹாலிஸ்டர், கிறிஸ்டின் மில்ன். லிபரல் 17, லேபர் 13, பசுமை 5. பெரும்பான்மைக்கு 18 வேண்டும். லிபரலுக்கு ஒன்று குறைந்தது. அந்த ஒன்றின் விலை என்ன என்பதும் வெளியே வந்தது: லேபர் உறுப்பினர் ஒருவரைக் கட்சி மாறி வாக்களிக்க வைக்க 1,10,000 டாலர் பேரம் பேசிய தொழிலதிபர் சிறைக்குப் போனார். பசுமை ஐவர் லேபரோடு உடன்பாடு போட்டு மைக்கேல் ஃபீல்டை முதல்வராக்கினார்கள். மரச்சில்லு ஏற்றுமதி அளவு விவகாரத்தில் 1990-இல் உடன்பாடு முறிந்தது.

1992-இல் வாக்கு 13.2%-க்கு இறங்கியது. இடங்கள்? அதே ஐந்து. மொத்தத்தில் நாலு சதவீதம் இழந்தும் ஒருவரைக்கூட இழக்கவில்லை, ஏனென்றால் 12.5% கோட்டா என்ற வாசல்படிக்கு அருகிலேயே ஒவ்வொரு தொகுதியிலும் நின்றுகொண்டிருந்தார்கள். 1996-இல் 11.1%, நான்கு இடம். பாஸ் தொகுதியில் ஆம்ஸ்ட்ராங் போனார். 35-இல் 4 என்றால் 11.4%. வாக்குச் சதவீதமும் இட சதவீதமும் இவ்வளவு நெருக்கமாக உட்காருவதை ஒரு தராசில்தான் பார்க்க முடியும். டோனி ரண்டலின் சிறுபான்மை லிபரல் அரசு பசுமையின் தயவில் ஓடியது.

பிறகு வந்தது 1998. இதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

லேபரும் லிபரலும் சேர்ந்து அவையை 35-லிருந்து 25 ஆகக் குறைத்தன; தொகுதிக்கு 5 இடம். வெளியில் சொன்ன காரணம் சிக்கனம். 1993-இல் உறுப்பினர்களின் சம்பளம் 40% ஏறியதிலிருந்தே மக்கள் கோபத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கோட்டா 12.5-லிருந்து 16.7-க்கு ஏறினால் யார் வெளியே போவார்கள் என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்ட் 29 அன்று தேர்தல். பசுமைக்கு 10.2%. முந்தைய முறையைவிட ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இடங்கள் நான்கிலிருந்து ஒன்று. டெனிசனில் பெக் பட் மட்டும் மிஞ்சினார்; தலைவர் மில்ன் லயன்ஸில் தோற்றார். 10.2% வாக்குக்கு 4% இடம். நான்கில் மூன்று பேரை வெளியே அனுப்பியது வாக்காளரா, வாசல்படியா என்று கேட்டால் பெரும்பங்கு வாசல்படிக்குத்தான்.

அதே 5 இட வடிவம் அடுத்த மூன்று தேர்தல்களில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது என்பதையும் சேர்த்தே சொல்வது நேர்மை. 2002-இல் 18.1%, நான்கு இடம். 2006-இல் 16.6%, நான்கு. 2010-இல் 21.6%, ஐந்து தொகுதியிலும் தலா ஒன்று. லேபர் 10, லிபரல் 10, பசுமை 5. 25-இல் 5 என்றால் 20%, பெரிய குறையில்லை. நிக் மெக்கிம் அமைச்சரானார். ஆஸ்திரேலியாவில் எந்த அரசிலும் பசுமைக் கட்சிக்காரர் ஒருவர் அமைச்சரானது அதுவே முதல் முறை. பின்னர் கேசி ஓ'கானரும் அமைச்சரவைக்கு வந்தார். சுருக்கமாக, 16-17%-க்கு மேலே நின்றால் இந்த வடிவம் கணக்கைச் சரியாகத் தீர்க்கிறது. கீழே இறங்கினால்தான் கத்தரி: 2014-இல் 13.8%-க்கு மூன்று, 2018-இல் 10.3%-க்கு இரண்டு, 2021-இல் 12.4%-க்கும் அதே இரண்டு. 1992-இல் ஐந்து இடம் வாங்கிக்கொடுத்ததற்கு ஒரு சதவீதமே குறைந்த வாக்கு, 2021-இல் இரண்டைத்தான் வாங்கியது.

2022-இல் அவையை மறுபடி 35 ஆக்கும் சட்டம் நிறைவேறியது. 25 பேர் கொண்ட அவையில் அமைச்சர்களைக் கழித்தால் பின்வரிசைக்கு ஆளே இல்லை என்ற நடைமுறைச் சிக்கல்தான் பெரிய கட்சிகளையும் ஒப்புக்கொள்ள வைத்தது. 2024 மார்ச் 23 தேர்தலில் பசுமைக்கு 13.9%. ஒன்றரை சதவீதம்தான் கூடியது. இடம் இரண்டிலிருந்து ஐந்து. கிளார்க்கில் வைக்கா பேலி, ஹெலன் பர்னெட் என இரண்டு பேர். ஒரே தொகுதியில் பசுமைக்கு இரண்டு இடம் கிடைப்பது இதுவே முதல் முறை. பிராங்க்ளினில் ரோசலி வுட்ரஃப், லயன்ஸில் டபத்தா பேட்ஜர், பாஸில் செசிலி ரோசல். 2025 ஜூலை 19 அன்று மறுபடி தேர்தல், ஏறக்குறைய 14.4% வாக்கு, அதே ஐந்து பேர். 35-இல் 5 என்றால் 14.3%. தராசு பழையபடி வேலை செய்கிறது.

இந்த எண்களை வைத்து, வாக்கு ஏன் ஏறி இறங்குகிறது என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் சொல்லலாம். 1989-க்குப் பிறகு, 1996-க்குப் பிறகு, 2010-க்குப் பிறகு என்று மூன்று முறை ஓர் அரசைத் தாங்கிப்பிடித்தார்கள். மூன்று முறையும் அடுத்த தேர்தலில் வாக்கு குறைந்தது. 17.1-லிருந்து 13.2, 11.1-லிருந்து 10.2, 21.6-லிருந்து 13.8. உடன்பாடு எழுத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமைச்சர் பதவி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் விளைவு ஒன்றுதான். இது தேர்தல் முறையின் கோளாறு இல்லை. ஆனால் அந்த இறக்கத்தைத் தாங்கும் திறன் வடிவத்துக்கு வடிவம் மாறியது: 7 இட வடிவம் 1992-இல் அடியை முழுதாக வாங்கிக்கொண்டது, 5 இட வடிவம் 2014-இல் பிராடனையும் லயன்ஸையும் பறித்துக்கொண்டது.

முழு மதிப்பெண் கொடுத்த காலியிடப் பகுதிக்கு வருவோம். விலகியவர் வெல்லக் காரணமாக இருந்த சீட்டுகளின் கட்டை எடுப்பார்கள். அன்று தோற்றவர்களில், போட்டியில் சேர விரும்புகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்களுக்கு மட்டும் அவற்றைப் பிரிப்பார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி மறுபடி பிரிப்பார்கள். பாதியைத் தாண்டியவர் உறுப்பினர். செலவு சொற்பம், பிரச்சாரம் இல்லை, புதிய வாக்குப்பதிவு இல்லை. முக்கியமாக, சிறுபான்மையின் இடம் சிறுபான்மையிடமே இருக்கிறது. ஒற்றை இட இடைத்தேர்தல் என்றால் 15% கட்சியின் இடம் அன்றைக்கே 40% கட்சிக்குப் போய்விடும்.

பசுமைக் கட்சிக்கு இது எவ்வளவு உதவியது என்றால்: 1993-இல் பிரவுன் விலக பெக் பட். 2008-இல் பட் விலக ஓ'கானர். 2015-இல் கிம் பூத் விலக ஆண்ட்ரியா டாகின்ஸ். அதே ஆண்டு மெக்கிம் செனட்டுக்குப் போக வுட்ரஃப். 2023-இல் ஓ'கானர் விலக பேலி. ஒரு முறைகூட இடம் கைமாறவில்லை. இதுவரை கட்சியை வழிநடத்தியவர்கள் பிரவுன், மில்ன், பட், மெக்கிம், பூத், ஓ'கானர், வுட்ரஃப். இந்த ஏழு பேரில் பிரவுன், பட், ஓ'கானர், வுட்ரஃப் நால்வரும் சட்டமன்றத்துக்குள் முதலில் வந்தது இந்தப் பின்வாசல் வழியாகத்தான். தலைமை மாற்றத்தைப் பொதுத்தேர்தலுக்குக் காத்திராமல் செய்துகொள்ள இதைவிட வசதி எந்த முறையிலும் இல்லை.

இதற்குச் செய்ய வேண்டிய முன்வேலை ஒன்று உண்டு. பொதுத்தேர்தலில் ஒரே ஒருவரை நிறுத்தி ஜெயித்தால், அவர் விலகும்போது கட்டில் உள்ள வாக்குகள் வேறு கட்சிக்குப் போகும். அல்லது கட்சியில் ஆள் மிச்சமில்லை என்று இடைத்தேர்தல் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே பட்டியலை நிரப்புவது காப்பீடு மாதிரி. இரண்டாம் இடத்தில் வருபவர் யார் என்பது பிற்பாடு உறுப்பினர் யார் என்பதையே முடிவு செய்யலாம் என்பதால் துணை வேட்பாளரையும் தரமாகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

இனிக் குறைகள். முதலாவது, சமமாகப் பிரிந்த பெரிய கட்சியிடம் சிறு கட்சி மாட்டிக்கொள்வது. கடைசி இரண்டு இடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்சியிடம் ஒன்றரைக் கோட்டா, அது இரண்டு வேட்பாளரிடம் 0.75, 0.75 என்று இருக்கிறது. பசுமை வேட்பாளரிடம் 0.70. கடைசியில் இருப்பவர் பசுமை. அவர் நீக்கப்படுவார், இரண்டு இடமும் பெரிய கட்சிக்கு. அதே ஒன்றரைக் கோட்டா 1.0, 0.5 என்று பிரிந்திருந்தால் பசுமை ஜெயித்திருக்கும். கட்சிகளின் மொத்த வாக்கு இரண்டிலும் ஒன்றே. தேர்தல் இரவில் கோட்டாவின் பின்னப்பகுதியை மட்டும் பார்த்து யாருக்குக் கடைசி இடம் என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். கட்சியின் மொத்தத்தை விட்டுவிட்டு, ஆள்வாரியாக எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ராப்சன் சுழற்சி வாக்கைப் பரப்பிவிடுவதால் பெரிய கட்சிகளுக்கு இந்த ஆதாயம் தானாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, வாக்கு வழியில் சிந்துவது. துணை வேட்பாளர் நீக்கப்படும்போது அவர் சீட்டுகள் எல்லாம் கட்சிக்குள்ளேயே தங்காது. உள்ளூர்ப் பழக்கத்தில் ஒருவருக்கு 1 போட்டவர், 2-ஐ வேறு கட்சியில் தெரிந்தவருக்குப் போட்டிருப்பார். பட்டியலை நிரப்புவதன் விலை இது.

மூன்றாவது, 7 வரை எண்ணிட வேண்டும் என்ற கட்டாயம். ஐந்து பேரை மட்டும் நிறுத்திய குழுவின் ஆதரவாளர் அந்தப் பத்தியை 1 முதல் 5 வரை நிரப்பிவிட்டு வந்தால் அவர் வாக்கு செல்லாது. பசுமைக் கட்சி தொகுதிக்கு ஏழு பேரை நிறுத்துவதால் அதன் பத்தியை மட்டும் நிரப்பினாலும் போதும். பாதிப்பு சுயேச்சைகளுக்கும் இன்னும் சிறிய குழுக்களுக்கும்தான். 1 மட்டும் தெளிவாக இருந்தால் சீட்டை ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினால் தீரும் சிக்கல் இது.

நான்காவது, பொறுமை. தபால் வாக்குகளுக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. விருப்ப வாக்குகளை முழுமையாகப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். யார் ஆட்சி என்று ஒரே இரவில் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. பதிலுக்கு, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வேட்பாளரிடமிருந்து யாருக்கு எத்தனை வாக்கு போனது என்ற முழுத் தாளையும் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. பசுமை வாக்கு லேபருக்கு எவ்வளவு, லிபரலுக்கு எவ்வளவு, சுயேச்சைகளுக்கு எவ்வளவு போகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, படித்துக்கொள்ளலாம்.

பிராடன் மட்டும் எந்த வடிவத்திலும் எளிதில் பிடிகொடுக்காத தொகுதி. வடமேற்குக் கரை, சுரங்கம், காடு, பால்பண்ணை. ஹாலிஸ்டர் 1989 முதல் 1998 வரை இருந்தார், பால் ஓ'ஹாலரன் 2010 முதல் 2014 வரை. 7 இடம் திரும்பிய 2024-இலும் 2025-இலும் மற்ற நான்கு தொகுதிகள் ஆள் அனுப்பின, பிராடன் அனுப்பவில்லை. கோட்டாவைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் இந்தத் தொகுதியைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

மாற்றுச் சேவைகளோடு ஒப்பிட விரும்பினால் வெளியூர் போகவே வேண்டாம். இந்த ஐந்து தொகுதிகளின் எல்லைகள்தான் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கீழவைக்கும். அதே வாக்காளர், அதே எல்லை. ஆனால் தொகுதிக்கு ஒருவர். அங்கே டாஸ்மேனியப் பசுமைக் கட்சி இன்றுவரை ஓர் இடம்கூட வென்றதில்லை. விகிதாசார முறையில் நடக்கும் செனட் தேர்தலில் 1996-இல் பிரவுனில் தொடங்கி இடம் வைத்திருக்கிறது. மாநில மேலவையில் 15 ஒற்றை இடத் தொகுதிகள். ஆண்டுதோறும் இரண்டு மூன்று தொகுதிகளுக்கு மட்டும் தேர்தல், பதவிக்காலம் ஆறு ஆண்டு. 2024 மே மாதம் ஹோபார்ட் தொகுதியில் ஓ'கானர் வென்றபோதுதான் அங்கே முதல் பசுமை உறுப்பினர் நுழைந்தார். பெடர் ஏரிக் கூட்டத்துக்கு 52 ஆண்டுகள் கழித்து. கீழவையில் அதற்குள் மூன்று முறை ஐந்து தொகுதிகளிலிருந்தும் ஆள் அனுப்பி, மூன்று அரசுகளைத் தாங்கிப் பிடித்து, இரண்டு அமைச்சர்களையும் பார்த்துவிட்டார்கள்.

இந்த முறையைத் தங்கள் ஊருக்குக் கேட்கும் சிறு கட்சிகள் விகிதாசாரம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்க வேண்டியது தொகுதிக்கு எத்தனை இடம் என்பதை. அந்த எண் சாதாரணச் சட்டத்தில் இருந்தால், 1998-இல் நடந்ததுபோல இரண்டு பெரிய கட்சிகள் கைகோத்து ஒரே அமர்வில் மாற்றிவிடலாம். டாஸ்மேனியாவில் அது இன்றும் சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது.